தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்?

அன்னையர் தினம் வந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மோரிசோவின் ‘தொட்டில்’ ஓவியத்தை யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். மேலே ‘தாய்மையின் பேரழகு’ என்று ஒரு வரி, கீழே வரிசையாக இதயங்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாழ்த்து அட்டையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கன்னத்தில் கை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எத்மா, பெர்த்தின் அக்கா. தூங்குவது அவருடைய மகள் பிளான்ஷ். இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். எத்மாவும் ஓவியர் என்பதைத்தான் விட்டுவிடுவார்கள்.

அக்கா தங்கை இருவரும் வளர்ந்தது வசதியான ஒரு அரசு அதிகாரியின் வீட்டில். பாரிஸின் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை என்பதால் ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான கிஷார், ‘உங்கள் பெண்கள் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்களாக நிற்க மாட்டார்கள், ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்கள் அந்தஸ்தில் அது விபரீதம்’ என்று அம்மாவை எச்சரித்தார். அப்புறம் இயற்கைக் காட்சி ஓவியர் கோரோவிடம் பயிற்சி. 1864-ல் இருவரின் படங்களும் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் இடம்பெற்றன. 1869-ல் எத்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து லோரியாங் துறைமுகத்துக்குப் போனார். தூரிகை கீழே போனது. மனதால் உன் ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன், கால் மணி நேரமாவது தப்பித்து வர ஆசை என்று தங்கைக்கு எழுதினார்.

‘தொட்டில்’ 1872-ல் வரையப்பட்டது. பெர்த்துக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கோ அதே கவலை. வரைவதை விட்டுவிட்ட ஓவியரை, விடாத ஓவியர் உட்காரவைத்து வரைந்த படம் அது. இதைத் தெரிந்துகொண்டு எத்மாவின் முகத்தைப் பாருங்கள். பாசம் இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது. எனக்கு அந்த அலுப்புதான் முதலில் தெரிகிறது. சலோனுக்கு வெளியே புதுப் பாணி ஓவியர்கள் தாங்களே 1874-ல் நடத்திய முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைத்தும் படம் விற்கவில்லை. குடும்பத்திலேயே இருந்து, 1930-ல்தான் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இன்னொரு எரிச்சல், பெர்த்தைப் புகழ்பெற்ற ஓவியர் ‘மனேயின் தம்பி மனைவி’ என்று அறிமுகப்படுத்துவது. 1870 சலோனுக்காக அம்மாவையும் எத்மாவையும் பெர்த் வரைந்திருந்தார். பார்க்க வந்த எதுவார் மனே, பாவாடையில் சின்னத் திருத்தம் என்று ஆரம்பித்து, மார்பு, தலை, பின்னணி என்று போய்க்கொண்டே இருந்தாராம். பெர்த் நொந்துபோனார். மனே பெர்த்தைப் பத்துப் படங்களுக்கு மேல் வரைந்திருக்கிறார். விசிறி உண்டு, ஊதாப்பூ உண்டு, ஒன்றில்கூடத் தூரிகை இல்லை. தன் மாணவி ஏவா கொன்சாலேஸை மட்டும் ஓவியத் தாங்கிக்கு முன் உட்காரவைத்து வரைந்தார்! கையில் தூரிகையோடு பெர்த்தை வரைந்தது யார் தெரியுமா? திருமணத்துக்கு முந்தைய எத்மா.

பெர்த் 1874-ல் மனேயின் தம்பி யூஜினை மணந்தார். அவர் குறுக்கே நிற்கவில்லை, கூடவே நின்றார். எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் பெர்த் கலந்துகொண்டார். விட்டது 1879 மட்டும்; மகள் ஜூலி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1895-ல் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் ‘தொழில் இல்லை’ என்று எழுதினார்கள். மறு ஆண்டு ஓவிய வணிகர் துராங்-ருயேலின் கூடத்தில் ஓவியர்கள் தெகா, மோனே, ரெனுவார், கவிஞர் மல்லார்மே ஆகியோர் சேர்ந்து மாட்டிய அவருடைய படைப்புகள் 400-ஐ நெருங்கும்.

என்னைக் கேட்டால் ‘தொட்டிலை’விட முக்கியமான படம் ஒன்று உண்டு. அதே 1879-ல் வரைந்தது. தோட்டத்தில் ஒரு பெண் ஜூலிக்குப் பால் கொடுக்கிறார். அவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட செவிலித்தாய் ஆஞ்செல். அவர் பால் கொடுக்கும் நேரத்தில்தான் குழந்தையின் அம்மா எதிரே நின்று வரைகிறார். இருவருக்குமே அது வேலை நேரம். முகம்கூடச் சரியாகத் தெரியாத அளவுக்கு அவசரமான, முரட்டுத்தனமான தீற்றல்கள். மோரிசோ என்றாலே ‘மென்மை’, ‘நளினம்’ என்று எழுதும் விமர்சகர்கள் இந்தப் படத்தை எப்படித்தான் பார்த்தார்களோ.