கிரிஞ்ச் பாட்டைப் பாடியது கார்லாஃப் அல்ல

1966-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'ஹவ் த கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்' கார்ட்டூனில், கிறிஸ்துமஸை வெறுக்கும் கிரிஞ்ச் என்ற கதாபாத்திரத்தைத் திட்டும் அந்தப் பாட்டைப் பாடியவர் நடிகர் போரிஸ் கார்லாஃப் என்று ஒருவர் எழுத, பலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். கதை சொன்னதும் கிரிஞ்ச்சுக்குக் குரல் கொடுத்ததும் கார்லாஃப்தான், அது சரி. ஆனால் பாட்டைப் பாடியவர் தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட்.

இப்படி நினைத்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. படத்தின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் ரேவன்ஸ்கிராஃப்ட்டின் பெயரே விடுபட்டுப்போனது. கார்லாஃப் பெயர் மட்டும் தெரிந்தால், பாடியதும் அவர்தான் என்றுதானே தோன்றும்? அதனால் இதைச் சரிபார்க்க அந்தப் பட்டியல் உதவாது. காதுதான் உதவும். கெல்லாக்ஸ் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ் என்ற காலை உணவின் பழைய விளம்பரம் ஒன்றை யூடியூபில் போட்டு, அதில் வரும் கார்ட்டூன் புலியான டோனி உறுமுவதைக் கேளுங்கள். பல பத்தாண்டுகள் அந்தப் புலிக்குக் குரல் கொடுத்தவரும் ரேவன்ஸ்கிராஃப்ட்தான். உடனே பாட்டைக் கேளுங்கள். அடிவயிற்றிலிருந்து வரும் அதே கனத்த குரல். அப்புறம் கார்லாஃப் கதை சொல்லும் இடத்துக்குப் போங்கள். மென்மையான, கொஞ்சம் காற்று கலந்த குரல், அந்த ஆழத்துக்கு அது இறங்கவே இறங்காது. (எனக்கு இரண்டுமே பிடிக்கும்.)

எழுத்தில் ஆதாரம் வேண்டுமென்றால், ரேவன்ஸ்கிராஃப்ட் 2005 மே மாதம் 91 வயதில் காலமானபோது அமெரிக்க நாளிதழ்களில் வந்த இரங்கல் செய்திகளைத் தேடிப் பாருங்கள். புலியும் இந்தப் பாட்டும் அவற்றில் இருக்கும்.