அலாவுதீன் கில்ஜி: வாளைவிடத் தானிய மண்டியைப் பாருங்கள்

டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி பெயரை எடுத்தாலே இங்கே சித்தூர் ராணி பத்மினி பற்றிய சண்டைதான். சித்தூர் விழுந்தது 1303-இல், அந்தக் கதை காவியமானது 1540-இல். அதோடு அதை விட்டுவிடுவோம். குஜராத், ரந்தம்பூர், சித்தூர், மால்வா என்று ஆறேழு வருடத்தில் அடுத்தடுத்துப் பிடித்தாரே, அந்தப் படைக்குச் சோறு போட்டது யார்? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சுல்தான் சித்தூரிலிருந்து திரும்பிய கையோடு மங்கோலியத் தளபதி தார்கி டெல்லியை முற்றுகையிட்டார். சுல்தான் டெல்லியை அடுத்த சிரியில் அகழி வெட்டி உள்ளேயே கிடக்க வேண்டியதாயிற்று. பெரிய நிலைப்படை இல்லாமல் இனி முடியாது என்பது அப்போது உறைத்தது. ஆனால் சம்பளத்தை ஏற்றினால் கஜானா சில வருடங்களில் காலியாகிவிடும். அதனால் சம்பளத்தைக் கட்டிப்போட்டு, விலையை இறக்கினார்.

குதிரை வீரனுக்கு வருடத்துக்கு 234 தங்கா (வெள்ளி நாணயம்). இரண்டாவது குதிரை வைத்திருந்தால் 78 கூடுதல். கோதுமை மணங்கு 7½ ஜித்தல் (சில்லறை நாணயம்), அரிசி 5, வாற்கோதுமை 4. அன்றைய டெல்லி மணங்கு ஏறத்தாழ 15 கிலோ, ஒரு தங்காவுக்கு 48 ஜித்தல் என்று வைத்தால், ஒரு தங்காவுக்கு 96 கிலோ கோதுமை. முதல் தரக் குதிரைக்கு 100 முதல் 120 தங்கா, அதாவது அரை வருடச் சம்பளம். தானியத்துக்கு மட்டுமல்லாமல் குதிரைக்கும் ஏன் விலை கட்டினார் என்பது இப்போது புரியும்.

ஆணை மட்டும் போட்டிருந்தால் சரக்கு மறுநாளே பதுங்கியிருக்கும். கங்கை–யமுனை இடைநிலத்தில் நிலத்தை அளந்து விளைச்சலில் பாதியை வரியாக எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி தானியமாகவே அரசுக் கிடங்குக்குப் போனது. மிச்சத்தை விவசாயி களத்திலேயே, கட்டிய விலைக்கு விற்றாக வேண்டும். தானியம் சுமக்கும் வணிகர்களை ஒருவருக்கொருவர் ஜாமீன் எழுத வைத்து, குடும்பத்தோடு யமுனைக் கரையில் குடியமர்த்தினார்கள். மண்டிக்கு மாலிக் கபூல் அதிகாரி. அவர் அறிக்கை ஒன்று, செய்தி அலுவலர் அறிக்கை ஒன்று, ஒற்றர் அறிக்கை ஒன்று. மூன்றும் தனித்தனியே சுல்தானிடம் போகும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் மண்டி அதிகாரியே மாட்டுவார். எடை குறைத்த கடைக்காரனின் உடம்பிலிருந்து அந்த அளவு சதையை அறுத்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் பரணி. மழை பொய்த்தால் ஆளுக்கு அரை மணங்குக்கு மேல் கிடையாது.

இதை 'மக்கள் நலத்திட்டம்' என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டெல்லிக்கு மலிவாகக் கிடைத்ததன் விலையைக் கொடுத்தவர் இடைநிலத்து விவசாயி.

தெற்கைப் பொறுத்தவரை அவர் கணக்கு வேறு. தேவகிரி மன்னர் ராமச்சந்திரனுக்கு 'ராய் ராயன்' பட்டம் கொடுத்து நாட்டையும் திருப்பிக் கொடுத்தார். வாரங்கல், துவாரசமுத்திரம் அரசுகளும் கப்பத்தோடு தப்பின. அவ்வளவு தூரத்தில் நிரந்தரப் படை வைத்தால் அதற்குத் தீனி போட இந்த மண்டி முறை எட்டாது. அதை அவர் அறிந்தே ஒதுங்கினார் என்பது என் எண்ணம். 1311-இல் சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைக்கு வந்தபோது சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. தெற்கிலிருந்து போன தங்கம் 96,000 மணங்கு என்பது பரணி கணக்கு. கிலோவாக்கிப் பாருங்கள், 1,400 டன்னைத் தாண்டும். நான் நம்பவில்லை.

1316-இல் அலாவுதீன் இறந்தார். மகன் முபாரக் ஷா வரியைக் குறைத்து, சந்தைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார். விலை ஏறியது. 1318-இல் தேவகிரியை அடக்க அவரே படையோடு கிளம்ப வேண்டியிருந்தது. 1320-இல் கில்ஜி வம்சமே முடிந்தது.