ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தட்டத் தொடங்குங்கள்

மழலையர் வகுப்பில் 'இசையும் அசைவும்' என்று அட்டவணையில் போட்டிருக்கும். நடப்பது என்னவோ, ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, முன்னால் ஆசிரியர், அவரைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டும் பிள்ளைகள். பார்க்க அழகுதான். உடம்பு கற்றுக்கொள்வது குறைவு என்பது என் கட்சி.

முதல் சிக்கல் வேகம். பெரியவர்களை இஷ்டப்படி மேசையில் தட்டச் சொன்னால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு வரும். நாலைந்து வயதுப் பிள்ளை தட்டினால் 140-ஐ ஒட்டி வரும். நமக்கு நிதானமாகத் தோன்றும் 80 தட்டுப் பாட்டுக்கு அந்தப் பிள்ளை நடக்க வேண்டுமென்றால், தூக்கிய காலோடு அடுத்த தட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று வயதில் ஒற்றைக் காலில் நிற்பதே சில நொடிதான். பிள்ளை தள்ளாடும், நாமோ 'இதுக்குத் தாளமே வராது' என்று முடிவு கட்டிவிடுவோம்.

அதனால் தாளத்தைப் பிள்ளையின் காலிலிருந்து எடுங்கள். சின்ன மேளமோ கவிழ்த்த டப்பாவோ போதும். பிள்ளை நடக்க நடக்க, அடிக்கு ஒரு தட்டு. தன் காலுக்குத்தான் சத்தம் வருகிறது என்று பிடிபட்டதும் (முகத்திலேயே தெரிந்துவிடும்) கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். வேகத்தைக் குறைப்பது கடைசியில், அதுதான் கடினம். இரண்டரை வயதுப் பிள்ளைகள்கூட எந்திரத்தை விட, எதிரில் ஒரு ஆள் தட்டும்போது நன்றாக ஒத்துப்போகிறார்கள் என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது 'தாளம் நின்றால் சிலை' விளையாட்டு. பத்து நொடி தட்டு, மூன்று நொடி நிறுத்தம். ஓடும் உடம்பைச் சட்டென நிறுத்துவது சமநிலைக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் சேர்த்துப் பயிற்சி. இதில் அசைந்த பிள்ளையை 'அவுட்' என்று உட்கார வைப்பதைப் போல அபத்தம் வேறில்லை. பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதானே முதலில் உட்காரும்! வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடவிடாதீர்கள், வெறுங்கால் நல்லது.

குதிக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். 'தொம்' என்று விழுந்தால் முழங்கால் மடங்கவில்லை. 'சத்தம் வராமல் குதி' என்றால் தானாக மடங்கும். இரு காலும் சேர்த்துக் குதிப்பது இரண்டு, இரண்டரை வயதில் வரும். நொண்டியடிப்பது நாலு வாக்கில். காலுக்குக் கால் மாற்றித் துள்ளி ஓடுவது பலருக்கு ஐந்து, ஆறு வயதில்தான். மூன்று வயதில் அதைக் கேட்காதீர்கள், ஒரே கால் எப்போதும் முன்னால் வர ஓடும் குதிரை ஓட்டம் போதும்.

எதிரே நின்று சொல்லித்தருகிறவர் 'வலது கை' என்று சொல்லித் தன் இடது கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிபோல. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

நேரம்? பத்து, பதினைந்து நிமிடம் ஒரு தடவைக்குப் போதும். 3–4 வயதுக்கு நாளுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தத்தையும் இதிலேயே அடைக்க வேண்டியதில்லை, பல தடவையாகப் பிரியட்டும்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேளத்தைக் கொடுங்கள், மற்றவர்கள் அந்தத் தட்டுக்கு நடக்கட்டும்.