ஏற்றுக்கொண்ட நாள் எந்த நாள், ஐயா?

மறுபடியும் ஒரு வெண்டர் மீட், அதாவது சரக்கு செய்து கொடுக்கிறவர்களைக் கூப்பிட்டு நடத்தும் கூட்டம். மேடையில் பூங்கொத்து, திரையில் 'தற்சார்பு', வாசலில் ஆளுக்கொரு பை, பைக்குள் ஒரு பேனா. போர்க்கப்பலுக்கு வால்வும் ஃபிளேஞ்சும் செய்து கொடுக்கிற சிறு பட்டறைக்காரர் அந்தப் பேனாவை வைத்து, ஆறு மாதமாக வராத பில்லுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொள்ளலாம். அதற்குத்தான் கொடுக்கிறார்கள் போல.

திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2018-ல் பாதுகாப்புத் துறையில் புதுக் கண்டுபிடிப்புக்கான ஐடெக்ஸ் திட்டம் வந்தது, ஸ்டார்ட்அப்புக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம். தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனையங்களோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம். 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி. வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒன்று புதுசாகக் கண்டுபிடிக்கிறவருக்கு, இன்னொன்று கப்பல் கட்டும் தளத்துக்கு. கொடுத்த வரைபடப்படி வருஷக்கணக்கில் ஒழுங்காகச் செய்து அனுப்புகிறவருக்கு என்ன? அவர் மானியம்கூடக் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் காசு கேட்கிறார்.

அதற்கும் குறு, சிறு தொழில்களுக்கான சட்டம் இருக்கிறது, 2006-லிருந்து. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. படிக்கவே இனிக்கிறது. ஆனால் அந்த 'ஏற்றுக்கொண்ட நாள்' எந்த நாள்? சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நடப்பது என்ன? லாரி, வாங்குகிற அரசு நிறுவனத்தின் கேட்டுக்குள் போகும். ஸ்டோர் ரசீது மூன்று வாரம் கழித்துப் போடப்படும். இல்லையென்றால் பதினான்காம் நாள் ஒற்றை வரி மெயில்: 'டெஸ்ட் சர்டிஃபிகேட் நகல் தெளிவாக இல்லை.' முடிந்தது கதை, கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கேட் என்ட்ரி முத்திரையோடு டெலிவரி சலான் நகலைக் கையோடு வாங்கி வராதவர் பாடு இன்னும் மோசம். சரக்கு என்றைக்குப் போனது என்பதையே நிரூபிக்க முடியாது.

'தாமதப் பணத்துக்கென்று அரசு வைத்திருக்கிற இணையதளத்தில் புகார் கொடுங்களேன்' என்பார்கள். புகாரை விசாரிக்கிற கவுன்சில் 90 நாளில் தீர்த்து வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் வாங்குகிறவர் ஒரே ஒருவர், அவரிடமே அடுத்த டெண்டருக்கும் போய் நிற்க வேண்டும். யார் புகார் கொடுப்பார்?

இன்ஸ்பெக்‌ஷன் கூத்து தனி. தரத் திட்டத்தில் 'ஹோல்டு பாயின்ட்' என்று போட்ட இடத்தில் ஆய்வாளர் வந்து பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. சரி, நியாயம்தான், கடலுக்கு அடியில் போகிற பொருள். நிக்கல் அலுமினிய வெண்கல வார்ப்பு என்றால் மூலப்பொருள், டெஸ்ட் பார் என்கிற சோதனைத் துண்டு, ரேடியோகிராஃபி என்கிற எக்ஸ்ரே சோதனை, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் நீர் அழுத்தச் சோதனை என்று வரிசையாக அழைக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு வாரம் காத்திருப்பு என்றால், நாலு கட்டத்துக்கு எட்டு வாரம் அங்கேயே போச்சு. ஆய்வாளர் வருகிற அன்று பிரஷர் கேஜின் கேலிபரேஷன் தேதி முடிந்திருந்தால் திரும்பிப் போய்விடுவார். அது பட்டறையின் தப்பு, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவர் வராததால் ஆன தாமதத்துக்கும் எல்.டி., அதாவது தாமதப் பிடித்தம், பிடிப்பது எந்த ஊர் நியாயம்? வாரத்துக்கு அரை சதவீதம் என்று வையுங்கள். 40 லட்சம் ரூபாய் ஆர்டரில் அந்த எட்டு வாரம் மட்டும் 1.6 லட்சம்.

இதற்கு முன்னாலேயே பெர்ஃபார்மன்ஸ் பேங்க் கேரண்டி, அதாவது வேலையை ஒழுங்காக முடிப்பார் என்ற வங்கி உத்தரவாதம், கொடுத்தாக வேண்டும். டெண்டர் முன்வைப்புத் தொகையிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். கேரண்டிக்கு விலக்கு இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். வங்கி அதற்கு மார்ஜின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வார்ப்புக் கடைக்காரரோ முன்பணம் இல்லாமல் உலையே மூட்ட மாட்டார். பட்டறை ஓடுவது ஓவர்டிராஃப்டில்.

புதுப் பொருள் செய்து காட்டலாம் என்று போனால், 'செலவும் உன்னது, ஆர்டர் உறுதியும் கிடையாது' என்ற அடிப்படையில் சோதனை. மாதிரி செய்கிற செலவு, கொண்டுபோகிற செலவு, அதிர்ச்சி சோதனைச் செலவு எல்லாம் இவர் தலையில். பாஸ் ஆன பிறகும் ஆர்டர் வருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள், 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்று. தனியார் கம்பெனி பயப்படும். வருமான வரியே கட்டாத அரசுத் துறைக்கு என்ன பயம்? பில்லை வைத்து நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் வாங்கித் தரும் ட்ரெட்ஸ் தளத்தில் பில்லைப் போட்டால் உடனே பணம் என்கிறார்கள். பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் அதில் பதிவும் செய்தாக வேண்டும். பதிவு செய்தால் போதுமா? வாங்குகிறவர் பில்லை 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தானே நிதி நிறுவனம் அதைத் தொடும்! அந்தப் பட்டனை அழுத்த யாருக்கும் கை வருவதில்லை.

புதுத் திட்டமே வேண்டாம். கேட் என்ட்ரி விழுந்த நிமிஷத்திலிருந்து கணினியே 15 நாளை எண்ணட்டும். பதினாறாம் நாள் பில் தானாகவே ட்ரெட்ஸில் ஏறட்டும், எவர் கையெழுத்துக்கும் காத்திருக்காமல். இன்ஸ்பெக்‌ஷன் அழைப்பு கொடுத்த நாளிலிருந்து ஆய்வாளர் வருகிற நாள் வரை எல்.டி. கணக்கு நிற்கட்டும். பாஸ் ஆன மாதிரியின் சோதனைச் செலவை அரசு கொடுக்கட்டும். இதில் எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாதுதான்.