அந்த இடுக்கை இன்றே திறந்து விடுங்கள்

மண்டபத்து இடுக்கில் டயரைக் கொளுத்திப் புகை போட்டு, விழுந்த வவ்வால்களைக் கூட்டி அள்ளி, இடுக்கைச் சாந்து வைத்துப் பூசிய அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். கீழே குவிந்த பாராட்டுகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாராட்டியவர்களில் பலர் நெல் போடுகிறவர்கள்.

அவை பூச்சி தின்னும் வவ்வால்கள். மறுபடியும் சொல்கிறேன், பூச்சி தின்னும் வவ்வால்கள். பழந்தின்னி ஒரு கிலோவைத் தொடும். இவை தீப்பெட்டிக்குள் அடங்கும். "நிபா வரும்" என்கிறீர்கள். 2018-இல் கேரளத்தில் நிபா வந்தபோது கைகாட்டப்பட்டது பழந்தின்னி. அதற்கு இவற்றைக் கொல்வது என்ன நியாயம்?

"வயலில் பூச்சிக்கு மருந்தடித்தால் போதாதா?" என்கிறீர்கள். நெல் தண்டைக் குடைகிற குருத்துப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மேலே தெளிக்கிற மருந்து அதை எட்டுவது கடினம். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்போதுதான் நமக்கே தெரிகிறது. வவ்வால் அதற்கு முன்னாலேயே, முட்டையிட இரவில் பறக்கிற தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. அது ஒன்றே நூறு முட்டைக்கு மேல் இடும். தாய்லாந்துக் குகை வவ்வால்கள் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியின் உறவான வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டன் நெல் தப்புகிறது என்று 2014-இல் கணக்கிட்டார்கள். வவ்வால் இருந்தால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி கேட்காத காவலைக் கொல்லாதீர்கள் என்கிறேன்.

நம்பாதவர்கள் தரையில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். எலிப்புழுக்கை கெட்டியாக இருக்கும். இது பொடிந்துபோகும், உள்ளே பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுங்கும்.

நாற்றம் தொந்தரவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி உண்டு. குட்டி இல்லாத காலம் பார்த்து, இடுக்குக்கு மேலே சன்னக் கண் வலையை அடித்து அடிப்பக்கம் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மாலையில் வெளியேறுபவை திரும்ப நுழைய முடியாது. ஒரு வாரம் கழித்துப் பூசலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், கடித்தால் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

வீடியோவில் ஒருவர் வெறுங்கையால் ஒன்றன் சிறகை விரித்துக் காட்டுகிறார். நிறுத்திப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்திருக்கிறது. பால் கொடுக்கிற தாய். எலிபோலப் பெருகுகிற உயிரல்ல அது, ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். பறக்கத் தெரியாத குட்டி புகைக்கு வெளியே வராது, அந்தச் சாந்துக்குப் பின்னால்தான் இருக்கும். பூசியது நேற்றுத்தானே? ஊர்க்காரர்கள் யாராவது இருட்டுவதற்குள் இரண்டு விரல் அகலமாவது பெயர்த்து விடுங்கள். தப்பிய தாய்கள் குட்டியைத் தேடி வரும்.