சிரிப்பு மட்டும் தகுதி இல்லை
விமானப் பணிப்பெண் வேலையை விட்டவர்கள் அடுத்து என்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு கட்டுரை படித்தேன். ஹோட்டல் வரவேற்பறையும் அழகுக்கலையும்தான் சரிப்படும் என்கிற மாதிரி அது போகிறது. இந்த வேலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அது பாதி உண்மைதான். பாதி வாசல்கள் திறக்காவிட்டாலும் 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழே கிடைக்கும்; நிஜ ஆபத்தில் அப்படி வெளியேற்றுவது எங்கள் வேலை. பயணியின் பவர்பேங்க் தீப்பிடித்தால் ஹாலான் என்ற தீயணைப்பு வாயுவை அடித்துத் தீயை அடக்கி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். இதெல்லாம் பயோடேட்டாவில் ‘வாடிக்கையாளர் சேவை’ என்ற ஒற்றை வரிக்குள் காணாமல் போய்விடுகிறது (நானும் பல பயோடேட்டாக்களைப் பார்த்துவிட்டேன்). தொழிற்சாலைப் பாதுகாப்பு, முதலுதவிப் பயிற்சி என்று கொஞ்சம் அகலமாகத் தேடுங்கள். அப்புறம், சம்பளம் பேசும்போது பறக்கும் நேரத்துக்கான படி இனி வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.