தபால் ஓட்டு வேண்டும், ஆனால் கவர் வீட்டுக்கு வரக்கூடாது

எங்கள் தருமபுரி மாவட்டம் பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. எல்லையில் நிற்கும் ராணுவ வீரருக்கு உண்டு. எலக்‌ஷன் டியூட்டிக்குப் போகும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் உண்டு. 85 வயது கடந்தவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அலுவலர்களே வீடு தேடி வருகிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர் மட்டும் பஸ் ஏறித்தான் வர வேண்டும்.

அப்படியும் வருகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் பாலக்கோட்டில் 87 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு, மாநிலத்திலேயே அதிகம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம், அதுவும் தமிழ்நாட்டில் முதலிடம். இந்த எண்களைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். முந்தின நாள் ராத்திரி ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் பஸ்களில் நின்றுகொண்டே வந்தவர்களும் அந்தச் சதவீதத்துக்குள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “ஒரு ஓட்டுக்கு ரெண்டு நாள் கூலி போவுது சார். பஸ் காசு வேற.” வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மேஸ்திரியிடம் கூலி வாங்குபவருக்கு அந்தச் சம்பளத்தை யார் எடுத்துக் கொடுப்பது?

இவர்களுக்குத் தபால் ஓட்டு வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் சில வெளிநாடுகளில் இருப்பதுபோல வாக்குச்சீட்டுக் கவரை வீட்டுக்கே அனுப்பி, நிரப்பித் திருப்பி அனுப்பச் சொல்லும் முறை நமக்கு வேண்டவே வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் வாதாடுகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாததால் கழுதை மேல் வாக்குப்பதிவு மெஷினை ஏற்றிக்கொண்டு போகும் போட்டோ ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்திரிகையில் வரும். சில நூறு பேரின் ஓட்டுக்காக அரசாங்கம் மலை ஏறுகிற நாடு இது. அதே மனசுதான் 2024-ல் நாடு முழுக்க 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கும் போனது. முன்கூட்டியே படிவம் 12டி (தபால் ஓட்டு கேட்கும் விண்ணப்பம்) கொடுத்தால் போதும். அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் எல்லாரும் வருகிறார்கள், கட்சி ஏஜென்ட்டும் கூட வரலாம். மறைவாக டிக் அடித்து, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு இதைவிட மரியாதை வேறென்ன இருக்கிறது? ஒரே ஒரு குறை: படிவம் கொடுத்தவரின் பெயருக்கு நேராக வாக்காளர் பட்டியலில் குறித்துவிடுவார்கள், பிறகு பூத்துக்குப் போய் ஓட்டுப்போட முடியாது. “நான் நடந்தே போய் மை வச்சுக்குவேன்” என்று நிற்கும் தாத்தாக்கள் நம் ஊரில் நிறைய. படிவத்தில் கையெழுத்து வாங்கும் பிள்ளைகள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, செல்லாத ஓட்டு. மெஷினில் பட்டனை அழுத்திவிட்டால் முடிந்தது. தபால் ஓட்டு செல்லாமல் போக வழிகள் ஏராளம்: உறுதிமொழியில் கையெழுத்து இல்லை, சான்றொப்பம் (ஓட்டுப் போட்டவர் இவர்தான் என்று அலுவலர் போடும் கையெழுத்து) சரியில்லை, சீட்டின் எண் பொருந்தவில்லை, கவர் மாறிவிட்டது. வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராவிட்டாலும் போச்சு. வேட்புமனு வாபஸ் முடிந்து வேட்பாளர் பட்டியல் உறுதியான பிறகுதான் சீட்டு அச்சாகும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு வாரம்தான். முன்பெல்லாம் ராணுவ வீரருக்குத் தபாலில் போய்த் தபாலில் திரும்ப வேண்டிய சீட்டு, இந்த அவகாசத்தில் எப்படி வந்து சேரும்? அதனால்தான் 2016-லிருந்து சீட்டை இணையம் வழியாக அனுப்புகிறார்கள், திரும்பி வருவது மட்டும் தபாலில்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் நடந்ததை ஆசிரியர்கள் யாரும் மறக்க மாட்டோம். வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டு 203. காரணம், சான்றொப்பம் போட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அந்தக் கையெழுத்து செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அதற்குள் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. நம் கிருஷ்ணகிரியில் 2021-ல் வித்தியாசம் 794 ஓட்டு. இவ்வளவு குறுகலான இடத்தில் ஒவ்வொரு கவரும் ஆட்சியைத் தொடும். கவரை யார், எங்கே வைத்து நிரப்பினார்கள் என்ற கேள்வியும் அப்போதுதான் பெரிதாகிறது.

அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். பூத்தில் அட்டை மறைப்புக்குப் பின்னால் போகும் அந்தச் சில நொடிகள் ஒரு பெண்ணுக்குப் புருஷனிடமிருந்தும், கூலிக்காரருக்கு முதலாளியிடமிருந்தும், ஊர்க்காரருக்கு ஊர் பெரியவரிடமிருந்தும் விடுதலை. காசு வாங்கியவர்கூட அங்கே தன் இஷ்டத்துக்கு ஓட்டுப் போடலாம், கொடுத்தவரால் பார்க்க முடியாது. கவர் வீட்டுக்கு வந்தால் அந்த மறைப்பு போய்விடும். பெங்களூரில் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் நாற்பது பேருக்கு நாற்பது கவர் வருகிறது என்று வையுங்கள். அதை யார் வாங்கி வைப்பார்? மேஸ்திரிதான். யார் நிரப்புவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது வெறும் பயம் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2018-ல் ஆட்களை வைத்துத் தபால் ஓட்டுக் கவர்களைச் சேகரித்தது வெளியே வந்து, அந்தத் தொகுதியின் முடிவை ஏற்காமல் மறுதேர்தலே நடத்தினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2004 உள்ளாட்சித் தேர்தலில் நடந்த தபால் ஓட்டு மோசடியை அடுத்த ஆண்டு நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. பிரான்ஸ் 1975-ல் மோசடி காரணமாகவே தபால் ஓட்டை ஒழித்தது. மறுபக்கம், ஜெர்மனியில் 2021-ல் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தபாலில்தான் ஓட்டுப் போட்டார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு கவரின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்தலை நடத்துகிறது. அங்கே நடப்பதை நான் மறுக்கவில்லை. ஓட்டுக்குக் காசு கொடுத்ததாகப் புகார் எழுந்து தேர்தலையே ரத்து செய்த தொகுதிகள் இருக்கும் நம் மாநிலத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது என்றுதான் சொல்கிறேன்.

நம் தேர்தல் ஆணையத்துக்கும் இது புரிந்திருக்கிறது. தேர்தல் பணியில் இருப்பவர்கள் முன்பு சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், எண்ணிக்கை நாள் வரைக்கும் வைத்திருந்து அனுப்பலாம். அந்த நாட்களில் யார் யார் வந்து பேசுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 2023-ல் விதியை மாற்றினார்கள். இப்போது பயிற்சி நடக்கும் இடத்திலேயே இருக்கும் சிறப்பு மையத்தில் மறைவாக ஓட்டுப் போட்டு, பெட்டியில் போட்டுவிட வேண்டும். சான்றொப்பம் போட அலுவலர் அங்கேயே இருப்பார், ராதாபுரம் தலைவலியும் குறைகிறது. தபால் ஓட்டில் இதுவரை நடந்த மாற்றங்களிலேயே இதைத்தான் சிறந்தது என்பேன்.

இதே மையத்தை பெங்களூரிலும் திருப்பூரிலும் கேரளத்திலும் நம் கூலிக்காரர்களுக்காக ஏன் வைக்கக்கூடாது? ஊரை விட்டு வெளியேறிய காஷ்மீரிகள் ஜம்முவிலும் டெல்லியிலும் தனி பூத்துகளில் சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆக, செய்ய முடியும். 2023 ஜனவரியில் ஒரே மெஷினில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை ஆணையம் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. கட்சிகள் எதிர்த்தன, விஷயம் அப்படியே நின்றது. புது மெஷின் மேல் சந்தேகம் இருந்தால் காகிதச் சீட்டு இருக்கிறதே. தருமபுரி மாவட்டத்தில் 5 தொகுதி, கிருஷ்ணகிரியில் 6. பதினொரு வகைச் சீட்டை ஒரு மையத்தில் வைப்பது மலைக்கு மெஷின் ஏற்றுவதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. பூத் வாரியான முடிவு வெளியே வந்துவிடுவதால், சின்ன ஊரில் எந்தப் பக்கம் எத்தனை விழுந்தது என்று கட்சிக்காரர்கள் விரல் விட்டு எண்ணிவிடுகிறார்கள். தொகுதி முழுக்க ஒன்றாகக் கொட்டி எண்ணும் தபால் ஓட்டில் அந்தக் கணக்கு போட முடியாது.

வெளி மாநிலத்தில் ஏஜென்ட் யார் இருப்பார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெங்களூரில் தமிழ்நாட்டுக் கட்சி எதற்கு ஆள் இல்லை? இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டால் என்றார். 12டி கொடுத்தவர் பெயரைக் குறிப்பதுபோல இவர் பெயரையும் குறித்துவிட்டால் ஊர் பூத்தில் ஓட்டுப்போட முடியாது. பெயர் பதிவுதான் சிரமம், அதற்கும் வழி இருக்கிறது. பொங்கலுக்கும் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் எல்லாரும் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த நாட்களில் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பள்ளியில் உட்கார்ந்து, எந்த ஊரில் வேலை, எந்த மையத்தில் ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று எழுதி வாங்கினால் போதும். அந்த வேலையைச் செய்ய ஆசிரியர்கள் நாங்கள் தயார்.